கம்பஸ் போன பிள்ளைக்கு ஆராய்ச்சி வழி

(நயினாதீவு யாத்திரைக்கு வந்த தோட்டக் குடும்பங்களிடம், அன்னதான மடத்தில் நலன்புரி உத்தியோகத்தர் பேசியது)



அம்மனைக் கும்பிட்டாச்சு, சாப்பாடும் ஆச்சு. குறிகட்டுவானுக்குப் படகு ஏற இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கிறது. அதற்குள் ஒரு விஷயம் பேசும்படி நிதியத்தார் சொன்னார்கள். கோயிலுக்கு வந்த இடத்தில் படிப்புப் பேச்சு எதற்கு என்று யாரும் நினைக்க வேண்டாம். மணிமேகலைக் கதையில் வருகிற மணிபல்லவம் இந்தத் தீவுதான் என்று அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். அமுதசுரபி கிடைத்த இடம். பசிக்குச் சோறு கிடைத்த இடத்தில் பிள்ளைகளின் படிப்புச் செலவைப் பற்றிப் பேசினால் அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

பஸ்ஸில் வரும்போது ஒரு தாய் என்னிடம் கேட்டார்: "ஐயா, எங்க மக சயன்ஸ் படிக்கிறா. மூணு வருஷத்துல முடிஞ்சிரும்னு நெனச்சோம். இப்ப நாலாவது வருஷம் இருக்கணும், ரிசேர்ச்சு செய்யணும்னு சொல்றா. வந்து டீச்சர் வேலைக்கு அப்ளை பண்ணச் சொல்லி நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க." அவர் மனது எனக்கு விளங்குகிறது. வீட்டில் கொழுந்து எடுக்கிற கை ரெண்டு, அதுவும் வலிக்கிற கை. ஆனால் அந்த வார்த்தையை நான் பிள்ளையிடம் சொல்லப் போவதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நம் நாட்டுப் பல்கலைக்கழகத்தில் விஞ்ஞானம் படிக்கிற பிள்ளை மூன்று வருடத்தில் பொதுப் பட்டம் எடுக்கலாம். நல்ல பெறுபேறு எடுத்த பிள்ளைகளை மட்டும் நாலு வருடச் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு செய்வார்கள். அந்த நாலாவது வருடத்தில்தான் பிள்ளை ஒரு விரிவுரையாளருக்குக் கீழே சொந்தமாக ஒரு ஆய்வு செய்யும். மேலே எம்.எஸ்.சி., பி.எச்.டி. என்று போகவும், உள்நாட்டிலோ வெளிநாட்டிலோ உதவிப் பணம் வாங்கவும், அந்த ஒரு வருடம் பெரிய சாட்சி. பரீட்சைப் புள்ளி எல்லாருக்கும் இருக்கும். "இந்தப் பிள்ளை தானாக ஒரு வேலையைத் தொடங்கி முடிக்கும்" என்று ஒரு பேராசிரியர் எழுதிக் கொடுக்கிற கடிதம் எல்லாருக்கும் கிடைக்காது. அந்த வருடத்தை வெட்டிவிட்டு வீட்டுக்குக் கூப்பிட்டால் பிறகு அதைக் காசு கொடுத்தும் வாங்க முடியாது. டீச்சர் வேலை நல்ல வேலைதான். ஒரு வருடம் பிந்தினாலும் அந்த வேலைக்கு வழி இருக்கும்.

ஆராய்ச்சி என்றால் என்ன என்று கேட்பீர்கள். வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு கண்ணாடிக் குழாயைப் பார்ப்பது மட்டும் ஆராய்ச்சி இல்லை. இங்கே காலையில் கை கழுவின தண்ணீர் சிலருக்கு உப்புக் கரித்திருக்கும். ஏன்? இந்தத் தீவுகளும் யாழ்ப்பாணமும் சுண்ணாம்புக் கல் மேல் இருக்கிற நிலம். ஐப்பசி, கார்த்திகையில் பெய்கிற மழை கல்லின் இடுக்கு வழியே கீழே இறங்கி, அடியில் இருக்கிற கடல் தண்ணீர் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீர் பாரம் குறைந்தது, உப்புத் தண்ணீர் பாரம் கூடியது. கடல் மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே ஏறத்தாழ நாற்பது அடிக்கு நல்ல தண்ணீர் நிற்கும் என்பது கணக்கு. அதையே திருப்பிப் பாருங்கள். பம்ப் போட்டு மேலே ஒரு அடியை இறைத்துவிட்டால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு நாற்பது அடி ஏறிவரப் பார்க்கும். இந்தக் கணக்கை எனக்குச் சொல்லித் தந்ததே இங்கே உட்கார்ந்திருக்கிற பிள்ளைகளில் ஒருவர்தான். நான் விஞ்ஞானம் படித்தவன் இல்லை. ஆனால் கேட்டதும் விளங்கியது. நெடுந்தீவிலோ ஊர்காவற்றுறையிலோ இருபது கிணறு, மாதம் ஒரு தடவை தண்ணீர் மட்டமும் உப்பு அளவும் எடுத்து, மழைக் கணக்கோடு வைத்துப் பார்த்தால் அது ஒரு ஆராய்ச்சி. அதற்கு உப்பு அளக்கிற ஒரு சின்னக் கருவி, பஸ் காசு, படகுக் காசு, பொறுமை வேண்டும். நாலும் கிடைத்தால் எந்தக் கிணறு எத்தனை மாதத்தில் கெட்டுப் போகும் என்று இந்த ஊர்ச் சனத்துக்கு முன்னாலேயே சொல்லலாம்.

நம்ம பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. நம் பாட்டன் பூட்டன் முதலில் வந்தது காப்பித் தோட்டத்துக்கு. 1869 இல் காப்பி இலையில் மஞ்சள் துரு மாதிரி ஒரு நோய் கண்டது. தோட்டம் தோட்டமாகப் பரவியது. 1880 இல் அதை ஆராய ஹரி மார்ஷல் வார்ட் என்று ஒருவரை இங்கிலாந்தில் இருந்து அனுப்பினார்கள். வயது இருபத்தைந்து, இருபத்தாறு இருக்கும். முந்தின வருடம்தான் கேம்பிரிட்ஜில் பட்டம் எடுத்தவர். இன்றைக்கு நம் பிள்ளைகள் நிற்கிற இடத்தில் இருந்து ரெண்டு எட்டு முன்னால், அவ்வளவுதான். பேராதனையில் இருந்துகொண்டு, பிசுபிசுப்புத் தடவிய கண்ணாடித் துண்டுகளைக் காப்பிச் செடிகளுக்கு நடுவே வைத்து, காற்றில் வருகிற பூஞ்சை விதையைப் பிடித்துக் காட்டினார். மலை முழுக்க ஒரே பயிர் நட்டு வைத்ததுதான் நோய்க்கு ரோடு போட்டுக் கொடுத்தது என்றும் விளக்கினார். காப்பியை அவரால் காப்பாற்ற முடியவில்லை. காப்பி போய்த் தேயிலை வந்த கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் செடி நோயைப் படிக்கிறவர்கள் இன்றைக்கும் அவர் பெயரைச் சொல்கிறார்கள். நான் இதைச் சொல்வதற்குக் காரணம், அவர் சொந்தக் காசில் வரவில்லை. அரசாங்கம் சம்பளம் கொடுத்து அனுப்பியது. ஆராய்ச்சிக்கு எப்போதும் யாரோ ஒருவர் காசு கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த யாரோ ஒருவரைத் தேடுவது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு.

பிள்ளைகளே, முதலில் பக்கத்தில் தேடுங்கள். எல்லாரும் எடுத்த உடனே அமெரிக்கா, ஜெர்மனி என்று பார்க்கிறீர்கள். ஆய்வுப் பணம் மாணவன் கைக்கு நேராக வருவது குறைவு. தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை போன்ற இடங்கள் விரிவுரையாளருக்குத் திட்டப் பணம் கொடுக்கும். அவர் அந்தத் திட்டத்துக்குள்ளே ஆய்வு உதவியாளராக ஒருவரைச் சேர்த்துக்கொள்வார். ஆகவே "எனக்கு எங்கே பணம் கிடைக்கும்" என்று அலைவதைவிட, "எந்தச் சேரிடம் இப்போது திட்டம் ஓடுகிறது" என்று கேட்பது புத்தி. துறை அலுவலகத்தில் இருக்கிற கிளார்க் ஐயாவுக்கே அது தெரியும். அவரிடம் மரியாதையாகப் பேசிப் பழகுங்கள். இதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

யாழ்ப்பாணத்தில் படிக்கிறவர்களுக்கு ஒரு நல்ல காலம் இருக்கிறது. பௌதிகவியல் துறை, மேற்கு நோர்வே பிரயோக விஞ்ஞானப் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து சூரிய சக்தி, மின்கலம் பற்றி ஆய்வுக் கூட்டு வைத்திருக்கிறது. பேராதனையும் அதில் சேர்ந்தது. அந்த வழியாகப் பிள்ளைகள் நோர்வேக்குப் போய் வந்திருக்கிறார்கள். அது ஏதோ தூரத்து விஷயம் என்று நினைக்காதீர்கள். நயினாதீவு, நெடுந்தீவு, அனலைதீவு மூன்றுக்கும் நாட்டின் பெரிய மின்கம்பி கடல் தாண்டி வரவில்லை. டீசல் எஞ்சினை நம்பி இருந்த ஊர்கள். 2024 மார்ச்சில் இந்திய அரசின் 11 மில்லியன் டொலர் நன்கொடையில் இந்த மூன்று தீவுக்கும் 1,700 கிலோவாற் சூரிய சக்தியும் 530 கிலோவாற் காற்றுச் சக்தியும் மின்கலங்களும் அமைக்க ஒப்பந்தம் கையெழுத்தானது. உப்புக் காற்றில் சூரியத் தகடு எப்படித் தேயும், புழுதி படிந்தால் எவ்வளவு மின்சாரம் குறையும், இவை எல்லாம் ஆராயக் கிடக்கிற கேள்விகள். கடல் உயிர், மீன்பிடி பற்றிப் படிக்கிற பிள்ளைக்கு இந்தத் தீவுகளைச் சுற்றி இருக்கிற கடல் பெரிய பள்ளிக்கூடம். கைதடியில் பனை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. இரசாயனம் படிக்கிறவர்கள் அங்கே போய்க் கேட்கலாம்.

மலைநாட்டுப் பக்கம் வந்தால், தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிலையம். 1925 இல் தொடங்கியது. சென் கூம்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. நம்மில் பலர் அதன் வாசலால் பஸ்ஸில் போயிருக்கிறோம், உள்ளே ஒரு நாளும் போகவில்லை. 1946 இல் கொழுந்தில் கொப்புளம் போடும் பிளிஸ்டர் நோய் இலங்கைக்கு வந்தபோது அதோடு மல்லுக்கட்டிய இடம் அது. தேயிலைச் செடியைப் பற்றி ஆராய்கிற இடத்துக்கு, தேயிலைச் செடிக்குள்ளேயே பிறந்த பிள்ளை போகாமல் வேறு யார் போவது? லீவில் பயிற்சிக்கு இடம் உண்டா என்று கடிதம் எழுதிக் கேளுங்கள். வீட்டில் இருந்தே போய் வரலாம், அறை வாடகை மிச்சம். அடுத்தது கண்டி ஹந்தானையில் தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம். 1981 இல் சட்டம் போட்டு அமைத்தது. அங்கே இருக்கிற விஞ்ஞானிகளின் கீழ் மாணவர் பயிற்சி எடுக்கலாம். பட்டம் முடித்தவர்களை ஆய்வு உதவியாளர்களாக எடுக்க விளம்பரம் செய்வார்கள். அதற்கு மாதக் கொடுப்பனவு உண்டு. அப்படியே எம்.பில்., பி.எச்.டி.க்குப் பதிந்துகொள்ளும் வழியும் உண்டு.

இங்கே ஒரு கசப்பான விஷயத்தையும் சொல்ல வேண்டும். பயிற்சி என்று சொல்லும் இடங்கள் பல சம்பளம் தராது. வசதியான வீட்டுப் பிள்ளை இரண்டு மாதம் சும்மா போய் வேலை பழகும். நம் பிள்ளை லீவு விட்டதும் கொழும்பில் கடைக்குப் போய் நின்றால்தான் அடுத்த தவணைச் செலவு. இதில் எது சரி, எது பிழை என்று யாரும் மேலே நின்று தீர்ப்புச் சொல்ல முடியாது. கடைக்குப் போகிற பிள்ளையைச் சோம்பேறி என்று சொல்லாதீர்கள், ஆசை இல்லாதவன் என்றும் சொல்லாதீர்கள். நான் சொல்வது, இரண்டாம் வருட லீவில் உழைத்துக்கொள்ளட்டும், மூன்றாம் வருட லீவில் எட்டு வாரத்தையாவது ஆய்வுக்கு விட்டுக் கொடுங்கள். குடும்பமாக உட்கார்ந்து கணக்குப் போட்டால் ஒரு லீவு தாங்கும்.

செலவுக்கு இருக்கிற வழிகளைப் பார்ப்போம். மகாபொல உங்களுக்குத் தெரிந்தது. 1981 இல் வந்த திட்டம். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாயை 7,500 ஆக்கினார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்கு உள்ள பேசரி பணம் 4,000 இல் இருந்து 6,500 ஆனது. நமக்கென்றே இன்னொன்று இருக்கிறது, பலர் மறந்துவிட்டார்கள். இலங்கைத் தோட்டத் தொழிலாளர் கல்வி நம்பிக்கை நிதியம். 1947 இல் தொடங்கி இந்தியத் தூதரகத்தின் கீழ் நடக்கிறது. உயர்தரம் படிக்கிற பிள்ளைகளுக்கும் பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கும், அப்பாவோ அம்மாவோ தோட்டத் தொழிலாளியாக இருந்தால், உதவித் தொகை தருகிறார்கள். கண்டியில் இருக்கிற இந்திய உதவித் தூதரகத்தில் விசாரிக்கலாம். பத்திரிகையில் அறிவித்தல் வரும்போது நம்ம லயத்தில் பேப்பர் இருக்காது. அதனால்தான் தவறிப் போகிறது. தொழிலாளி என்று உறுதிப்படுத்தும் கடிதம் கேட்பார்கள். அதைத் தோட்ட அலுவலகத்தில் எடுத்துத் தருவது என் வேலை. இந்தியாவிலேயே போய்ப் படிக்க நேரு நினைவுப் புலமைப்பரிசில் உண்டு. பட்டம் முடித்த பிறகு எம்.எஸ்.சி.க்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசில் உண்டு.

வெளிநாட்டுக்குப் பட்டம் முடிக்கும் முன்பே ஆய்வுப் பயிற்சிக்குப் போகலாமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். போகலாம். ஆனால் முதலில் விதியைப் படியுங்கள். ஜெர்மனியில் ரைஸ் என்று ஒரு நல்ல திட்டம், வட அமெரிக்கா, பிரித்தானியா, அயர்லாந்து மாணவர்களுக்கு. இந்தியாவில் மூன்று விஞ்ஞான அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆய்வு உதவி, இந்தியாவில் படிக்கிறவர்களுக்கு. இரண்டிலும் நம் பிள்ளை இரவிரவாக விண்ணப்பம் நிரப்பினாலும் பயன் இல்லை. நமக்குக் கதவு திறந்திருப்பவை வேறு. ஜப்பானின் ஒகினாவா தீவில் உள்ள விஞ்ஞான தொழில்நுட்பப் பட்டமேற்படிப்புப் பல்கலைக்கழகம் எந்த நாட்டு மாணவரையும் ஆய்வுப் பயிற்சிக்கு எடுக்கிறது. விமானச் சீட்டு, தங்குமிடம், நாட்கூலி மாதிரி ஒரு தொகை எல்லாம் அவர்களே. அதுவும் கடலும் பவளக் கல்லும் உள்ள தீவுதான், இங்கே கிணறு அளந்த பிள்ளைக்குச் சொல்ல அங்கே கதை இருக்கும். சவூதியில் மன்னர் அப்துல்லா விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், மூன்றாம் வருடம் தொட்டவர்களுக்கு சில மாத ஆய்வுப் பயிற்சி உண்டு, செலவு அவர்களுடையது. பௌதிகம், கணினி படிக்கிறவர்களுக்கு ஜெனீவாவில் சேர்ன் என்ற அணு ஆராய்ச்சி நிலையத்தின் கோடைக்காலத் திட்டம். உறுப்பு நாடு இல்லாத நாடுகளுக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். விண்ணப்பம் வழக்கமாக ஜனவரிக் கடைசியோடு மூடிவிடும், நாம் இங்கே தைப்பொங்கல் கொண்டாடி முடிக்கும்போது. இவை எல்லாவற்றிலும் போட்டி கடுமை. நூறு பேர் கேட்டால் சிலருக்குத்தான் கிடைக்கும். கிடைக்காவிட்டால் அழக்கூடாது, அடுத்த வருடமும் போட வேண்டும்.

கடிதம் எழுதுவது பற்றிப் பிள்ளைகளிடம் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரே கடிதத்தை ஐம்பது பேராசிரியருக்கு அனுப்பாதீர்கள். நாம் தோட்டத்தில் ஒரே மனுவை எல்லாத் தலைவருக்கும் கொடுத்தால் என்ன நடக்கிறது? ஒருவரும் படிப்பதில்லை. ஐந்து பேரைத் தெரிவு செய்து, ஒவ்வொருவரும் எழுதிய ஒரு கட்டுரையையாவது படித்து, அதில் உங்களுக்கு எழும் ஒரு கேள்வியை எழுதுங்கள். நீங்கள் யார், என்ன பாடம், எந்த மாதம் தொடக்கம் எத்தனை வாரம் வர முடியும், எல்லாம் ஒரு பக்கத்துக்குள். பெறுபேற்றுத் தாளை இணையுங்கள். ஏழை, தோட்டத்துப் பிள்ளை என்று அழுது எழுத வேண்டாம். மலையில் கொழுந்துக்குப் பக்கத்தில் வளர்ந்தேன், அதனால் செடி நோயைக் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று எழுதலாம், அது வேறு. இரண்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையா, அடுத்த ஆள். சிபாரிசுக் கடிதம் தரும் சேருக்கு ஒரு மாதம் முன்பே சொல்லி வையுங்கள். கடைசி நாள் இரவு பத்து மணிக்குப் போன் எடுத்தால் எந்த சேரும் சந்தோஷமாக எழுத மாட்டார்.

ஆய்வு முடிந்தால் அதைச் சொல்ல இடமும் வேண்டும். யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கம் ஆண்டுதோறும் அமர்வு நடத்துகிறது. கொழும்பில் 1944 முதல் இயங்கும் இலங்கை விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் இருக்கிறது. அங்கே ஒரு பக்கச் சுருக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டாலே அடுத்த விண்ணப்பத்துக்குப் பலம்.

இனிப் பெற்றோருக்கு. புலமைப்பரிசில் எடுத்துத் தருகிறேன், வெளிநாட்டு ஆராய்ச்சிக்கு இடம் பிடித்துத் தருகிறேன் என்று முன்பணம் கேட்டு ஆட்கள் வருவார்கள். நகையை அடகு வைக்க வேண்டாம். நான் சொன்ன இடங்களுக்கெல்லாம் பிள்ளை தானே விண்ணப்பிக்கலாம், நடுவில் ஏஜென்சி தேவையில்லை. யாராவது பேப்பர் கொண்டு வந்தால் கையெழுத்துப் போடும் முன் என்னிடமோ பிள்ளையின் துறைத் தலைவரிடமோ காட்டுங்கள். சில திட்டங்கள் போகிற செலவைப் போய் வந்த பிறகுதான் திருப்பித் தரும். அப்படியா என்று முதலிலேயே எழுத்தில் கேட்க வேண்டும். அப்படி இருந்தால் டிக்கட் காசுக்கு என்ன செய்வது என்று சேர்ந்து பார்ப்போம். நிதியத்தில் கேட்பேன். கிடைக்கும் என்று இப்போது வாக்குத் தர மாட்டேன்.

பெரிய தலைவலி பேர். வீட்டில் ஒரு பேர், செக்றோலில் அப்பா பேர் ஒரு மாதிரி, பிறப்புச் சாட்சிப் பத்திரத்தில் வேறு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. "முத்தையா" ஒரு இடத்தில் "முத்தயா", இன்னொரு இடத்தில் "முத்து". பிள்ளைக்கு எல்லாம் சரிவந்து பாஸ்போட் எடுக்கப் போகும்போது இது காலை வாரிவிடும். திருத்த மாதக்கணக்கில் இழுக்கும், அதற்குள் அங்கே இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். ஆகவே பிள்ளை கம்பஸுக்குள் காலடி வைத்த முதல் வருடமே பேர் திருத்தும் வேலையைத் தொடங்குங்கள். பதிவாளரிடம் போக வேண்டிய படிவம் என் கந்தோரில் இருக்கிறது. பிள்ளையின் பிறப்புச் சாட்சிப் பத்திரம், அப்பா அம்மாவின் விவாகப் பதிவு, இருவரின் அடையாள அட்டைப் பிரதி, பள்ளிக்கூட விடுகைப் பத்திரம், இவ்வளவும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். விவாகம் பதியாத குடும்பம் இருந்தால் வெட்கப்படாமல் தனியாக வந்து சொல்லுங்கள், அதற்கும் வழி பார்ப்போம். செவ்வாய், வெள்ளி பிரட்டு முடிந்து பின்னேரம் நாலு மணிக்கு மேல் நான் இருப்பேன். கம்பஸ் பிள்ளைகள் மலைக்கு வர வேண்டியதில்லை. பேர் எந்தெந்தப் பத்திரத்தில் எப்படி எழுதியிருக்கிறது என்று போட்டோ பிடித்துப் போனில் அனுப்பினால் போதும். இங்கே இருக்கிற பிள்ளைகள் படகு ஏறும் முன் என் நம்பரை எழுதிக்கொள்ளுங்கள்.